வெண்ணுரை அருவிக்குச் செல்லும் வழி

அருவி என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழுவது குற்றாலம். கொல்கத்தாவில் குடியிருந்தாலும் மும்பையில் தொழில் செய்தாலும், ஆனி பிறந்துவிட்டால் சாரல் தொடங்கிற்றா என்று ஊருக்கு எழுதிக் கேட்ட தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அந்த அருவிக்குத் தலபுராணம் உண்டு, குறவஞ்சி உண்டு, இரண்டையும் இயற்றியவர் திரிகூட இராசப்பக் கவிராயர். கோயில் உண்டு, கல்வெட்டு உண்டு. நீராடச் செல்கிறவன் அறிந்தோ அறியாமலோ ஒரு வரலாற்றுக்குள் தலையை நீட்டுகிறான்.

இங்கு நாம் சொல்ல எடுத்துக்கொண்ட அருவிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அந்தமான் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் உள்ள லிட்டில் அந்தமான் தீவில், அடர்ந்த காட்டினூடே அது விழுகிறது. சுற்றுலாத்துறையினர் அதற்கு ‘ஒயிட் சர்ஃப்’ என்று பெயர் வைத்திருக்கின்றனர். நாம் வெண்ணுரை அருவி என்று வழங்கினால் பொருள் குன்றாது. அதற்கும் அப்பால் ‘விஸ்பர் வேவ்’ என்று மற்றோர் அருவியும் உண்டு. இவ்விரண்டுக்கும் புராணம் எழுதியவர் இல்லை. எனினும் வரலாறு இல்லாமற் போகவில்லை. அது அருவிக்குச் செல்லும் பாதையில் கிடக்கிறது. அப்பாதை எப்போது, எவ்வாறு, யாருடைய காட்டை வெட்டிப் போடப்பட்டது என்பதை அறிந்து பிரயாணம் திட்டமிடுவது நலம் என்பதே நம் கருத்து.

முதலில் கடல் வழி. கொல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தும் அந்தமானுக்குக் கப்பல் உண்டு. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் கடலில் கழியும். விமானத்தில் சில மணி நேரந்தான். போய்ச் சேரும் நகரை நாம் போர்ட் பிளேயர் என்றே அறிவோம். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. சோழர் கடற்படையின் நினைவும் அந்த அறிவிப்பில் எடுத்துரைக்கப்பட்டது. இராஜேந்திர சோழரின் தஞ்சைக் கல்வெட்டில் வரும் மாநக்கவாரம் என்பது நிக்கோபார்த் தீவுகளைக் குறிப்பது என்று அறிஞர் கொள்வர். லிட்டில் அந்தமானோ அந்த நக்கவாரத்துக்கு வடக்கே, பத்துப் பாகைக் கால்வாய் என்னும் அகன்ற கடற்பரப்புக்கு இப்பால் இருக்கிறது. ஆகவே, சோழர் பெருமையை இந்தத் தீவுவரை இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

போர்ட் பிளேயரிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் ஹட் பே என்னும் இறங்குதுறை. அரசாங்கக் கப்பலில் ஏழெட்டு மணி நேரப் பயணம். இங்கேதான் அருவி காணச் செல்வோர்க்கு ஒரு சங்கடம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி இது. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று மழை கொணர்கிறது. அடுத்து வடகிழக்குப் பருவக்காற்றும் தன் பங்கைத் தருகிறது. அருவி நிறைந்து பாயும் அம்மாதங்களில் கடல் கொந்தளிக்கும். கப்பல் ஓட்டம் தடைப்படும். கடல் அடங்கிக் கண்ணாடிபோல் கிடக்கும் மார்ச், ஏப்ரலில் அருவி மெலிந்துவிடும். மழை ஓய்ந்து, காட்டில் ஈரம் வற்றாத டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியுமே இரண்டுக்கும் இடைப்பட்ட காலம். விடுமுறை எடுத்து வருவோர் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஹட் பேயில் இறங்கினால் தீவின் கீழைக் கரையை ஒட்டி ஒரே சாலை வடக்கே செல்கிறது. அவ்வூர் மக்கள் இடங்களைப் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கால்தான் அடையாளம் சொல்வார்கள். ஆறரை கிலோமீட்டரில் வெண்ணுரை அருவிக்குத் திரும்பும் பாதை. பதினோராவது கிலோமீட்டரில் செம்பனைத் தோட்டம். பதினான்கில் பட்லர் பே என்னும் வளைகுடா. இருபதில் விஸ்பர் வேவ் அருவிக்குக் காட்டு நடை தொடங்குகிறது. ஊருக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே கல் நட்டு அளந்த சாலை என்பது அந்தக் கணக்கிலேயே விளங்கும். ஒருகாலத்தில் அருவிவரை யானைமேல் ஏறிச் செல்லும் ஏற்பாடும் இருந்தது. யானை இந்தத் தீவுக் காட்டுக்கு உரிய விலங்கன்று. வெட்டிய மரங்களை இழுப்பதற்காக அவற்றைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

சாலைக்கும் தோட்டத்துக்கும் யானைக்கும் முன்னே இந்தத் தீவுக்கு உரியவர்கள் ஓங்கேயர். அவர்கள் நாவில் தீவின் பெயர் காவ்போலாம்பே. அந்தமான் தீவுகளின் பழங்குடிகளுள் ஓர் இனத்தவர் அவர்கள். குட்டையான உடலும் கருநிறமும் சுருண்ட மயிரும் உடையவர்கள். உழவு அறியார், ஆயின் காட்டையும் கரையையும் அவர்களைப்போல் படித்தவர் இல்லை. வில்லும் அம்பும் கொண்டு காட்டுப்பன்றி வேட்டையாடினர், ஆமையும் மீனும் பிடித்தனர், கிழங்கு அகழ்ந்தனர். தேன் எடுக்கும் முறையைக் கேட்டால் வியப்புத் தோன்றும். ஒரு வகைச் செடியின் இலையை மென்று, சாற்றை உடம்பில் பூசிக்கொண்டு, தேனடையின் மேலும் உமிழ்வார்கள்; தேனீக்கள் விலகிவிடும். தீப்பந்தம் இல்லை, புகை இல்லை, தேனீக்குச் சேதம் இல்லை. நம் மலைகளில் தேன் எடுப்போர் அறிந்தால் இதனை மெச்சுவர்.

வெளியுலகம் ஓங்கேயரைக் குறித்துக்கொண்டது ஒரு சண்டையின் பெயரால். 1867-ஆம் ஆண்டு மார்ச்சில் ‘அசாம் வேலி’ என்னும் கப்பலின் தலைவரும் மாலுமிகளுமாக எட்டுப்பேர், பாய்மரத்துக்கு ஆகும் மரம் வெட்ட இத்தீவின் தென்கரையில் இறங்கினர். அவர்கள் திரும்பவில்லை. கரையில் இறங்கி மரம் வெட்டுவது மாலுமிகளுக்குச் சாதாரணச் செயல்; தங்கள் காட்டில் கேளாமல் கோடரி வைப்பவரை எதிர்ப்பது ஓங்கேயருக்குச் சாதாரணச் செயல். அடுத்து, அவர்களைத் தேடுவதற்காக மே மாதம் ரங்கூனிலிருந்து படைவீரரோடு கப்பல் வந்தது. 7-ஆம் தேதி வீரர்கள் கரையேறினர். அம்புகள் பறந்தன; துப்பாக்கிகள் வெடித்தன. காணாமற்போனவர்களின் உடல் எச்சங்கள் மணலில் கிடைத்தன. அதற்குள் கரையோர அலை பொங்கிப் படகுகளை அண்டவிடாமல் செய்தது. கரையில் சிக்கியோர் பதினேழு பேர். 24-ஆம் படைப்பிரிவின் உதவி மருத்துவர் கேம்பெல் டக்ளஸும் நான்கு சாதாரணச் சிப்பாய்களும் ஒரு படகை அந்த வெண்ணுரைக்குள் திரும்பத் திரும்பச் செலுத்தி, பதினேழு பேரையும் மீட்டனர்.

இந்த ஐவருக்கும் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. போரில் எதிரிக்கு முன்னே காட்டிய வீரத்துக்கு அன்றி, கடலில் உயிர் மீட்ட துணிவுக்காக அப்பதக்கம் தரப்பட்ட மிக அரிய நிகழ்ச்சி இது. பெல், கூப்பர், கிரிஃபித்ஸ், மர்ஃபி என்ற அந்நால்வர் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. அவர்கள் துணிவு பெரிது. அதனைக் குறைத்துப் பேசுவது முறையன்று. ஆனால் அன்று கரையில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஓங்கேயர் பல பத்துப் பேர். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. சில நூறு பேரே வாழ்ந்த தீவில் ஒரு முற்பகலில் நேர்ந்த அந்த இழப்பு எத்தகையது என்பதை நம் சிற்றூர் ஒன்றை நினைத்துப் பார்த்தால் அறியலாம்.

பின்னர் 1880-களில் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி பரிசுப் பொருள்களோடு பலமுறை வந்து நட்புச் செய்தார். சண்டை ஓய்ந்தது. ஆனால் எண்ணிக்கை ஓயாமல் தேய்ந்துகொண்டே வந்தது. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஓங்கேயர் 672 என்று மதிப்பிட்டனர். 1951-இல் 150, 1961-இல் 129. துப்பாக்கியால் அன்று, வெளியிலிருந்து வந்த நோய்களாலும் குழந்தைப்பேறு அருகியதாலும் நேர்ந்த தேய்வு இது. இத்தாலிய மானிடவியலறிஞர் லீடியோ சிப்ரியானி 1950-களின் தொடக்கத்தில் இவர்களோடு தங்கி ஆராய்ந்தபோது, தீவு முழுவதும் இன்னும் அவர்கள் கையிலேயே இருந்தது. வட்டமான பெருங்குடில்களில் பல குடும்பங்கள் ஒன்றாக உறைந்தன. சாலை என்று ஒன்று இல்லை. அருவி அவர்களுக்குக் காட்சிப் பொருளும் இல்லை. குடிநீர் ஓடும் இடங்களுள் ஒன்று.

விடுதலை பெற்ற இந்தியா இவர்களைக் காக்கச் சட்டம் செய்தது. 1956-ஆம் ஆண்டில் அந்தமான் நிக்கோபார் ஆதிப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை பிறந்தது. 1957-இல் லிட்டில் அந்தமான் தீவு முழுவதும், 700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம், ஓங்கேயருக்குரிய காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல சட்டம். எட்டே ஆண்டுகளில் அதே அரசாங்கத்தின் மற்றொரு கை வேறு கணக்கு எழுதியது. 1965-இல் மறுவாழ்வு அமைச்சகத்தின் சார்பில் வந்த பல்துறைக் குழு, தீவின் காட்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை வெட்டித் திருத்தலாம், 12,000 குடும்பங்களைக் குடியேற்றலாம், செம்பனைத் தோட்டமும் மரத்தொழிலும் நிறுவலாம் என்று பரிந்துரைத்தது. காப்பகம் என்று அறிவித்த தீவில் ஓங்கேயரிடம் ஒரு சொல் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே நாம் சற்று நின்று, வந்து குடியேறியோரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் ஹட் பே சாலையோரம் இறக்கிவிடப்பட்டவர்கள் கிழக்கு வங்கத்தில் வீடும் நிலமும் இழந்து அகதிகளாக வந்தவர்கள். சில நூறு குடும்பங்கள். நேதாஜி நகர், இராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம், இரவீந்திர நகர் என்று அவர்கள் ஊர்களுக்கு இட்ட பெயர்களே, விட்டு வந்த மண்ணின் நினைவு. தெற்கே ஹர்மிந்தர் பேயில் நிக்கோபாரியக் குடும்பங்களும் குடியமர்த்தப்பட்டன. அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று ஏசுவது எளிது, நியாயமன்று. மறுவாழ்வு என்ற பெயரால் தமிழரும் இத்தீவுகளுக்கு வந்ததுண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில, நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. இன்று அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பேர். பிழைக்கப் போன இடத்தில் முன்னமே இருந்தவன் யார், அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் கடமை பிற மாநிலங்களில் வாழும் நமக்குப் புதியதன்று. சில வேளைகளில் நம்மை நோக்கியும் அக்கேள்வி எழுந்ததுண்டு.

குடியேற்றம் எவ்வாறாயினும், விலை கொடுத்தவர்கள் ஓங்கேயரே. 1970-களில் இரு தடவை காப்பக எல்லை சுருக்கப்பட்டது. தீவில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு நிலம் அதிலிருந்து விலக்கப்பட்டது. கடலோரத்து நல்ல நிலமும் வடக்கு நோக்கிய சாலையும் இரு அருவிகளும் அந்த விலக்கப்பட்ட பகுதியைச் சார்ந்தன. அதே பத்தாண்டின் பிற்பாதியில் ஓங்கேயரை வடகிழக்கே டுகாங் கிரீக் என்னும் உப்பங்கழியருகிலும், பின் தெற்கே சவுத் பேயிலும் மர வீடு கட்டிக் கொடுத்து ஓரிடத்தில் தங்கச் செய்தனர். மேலே தகரம் வேய்ந்த வீடுகள். பருவத்துக்கு ஓரிடமாக அலைந்து வேட்டையாடியவர்களுக்கு அரிசியும் பருப்பும் தரும் திட்டமும் கூடவே வந்தது. டுகாங் என்பது வேறொன்றுமில்லை. பாக் நீரிணையில் நம் மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுதான். ஓங்கேயர் அதனை வேட்டையாடிய கழி, அவர்களை நிறுத்திவைத்த ஊருக்குப் பெயராயிற்று.

பதினோராவது கிலோமீட்டர்த் தோட்டத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1970-களின் நடுவில் தொடங்கிய செம்பனை நடவு சுமார் 1,600 ஹெக்டேர் வரை பரந்து நின்றது. பக்கத்துக் காட்டில் கர்ஜன், பாடாக் முதலிய பெருமரங்களை வெட்டும் வேலையும் நடந்தது. 1977-இல் இதற்கென்றே ஒரு வனக் கழகம் நிறுவப்பட்டது. சாலையும், மரம் இழுக்கும் வழியும், யானையும் இவ்வாறு வந்தவை. சுற்றுலாப் பயணி நடக்கும் பாதை மரவெட்டியின் பாதையைத் தொடர்ந்தது. மரத்தை வெட்டிக்கொண்டே போனால் அருவிக்கு நீர் எங்கிருந்து வரும் என்ற எளிய கேள்வியை அன்று ஆட்சியில் எழுப்பியோர் மிகச் சிலர்.

கேள்வி நீதிமன்றம் ஏறியது. 1998-இல் சூழல் அமைப்புகள் சில உச்ச நீதிமன்றத்தை அணுகின. நீதிமன்றம் சேகர் சிங் என்பவரை ஆணையராக நியமித்தது. அவர் தீவுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை அளித்தார். 2002-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி, பழங்குடிக் காப்பகங்களில் மரம் வெட்டுவதைத் தடுத்து, வணிகத்துக்காகக் காடு வெட்டுவதை நிறுத்தும் ஆணை வெளிவந்தது. டக்ளஸும் தோழரும் அலைக்குள் படகு செலுத்தியதும் ஒரு மே 7-ஆம் தேதி; நாட்காட்டியின் தற்செயல்தான். ஆயினும் மரம் வெட்ட இறங்கியதில் தொடங்கிய கணக்கு 135 ஆண்டுக்குப் பின் மரம் வெட்டாதே என்ற ஆணையில் வந்து நின்றதை நாம் கவனியாமல் போக முடியவில்லை. இன்று அருவியைச் சூழ்ந்து பசுங்காடு நிற்பதற்கு அந்த ஆணைக்கும் பங்குண்டு. வனக் கழகத்தை மூடிவிட மத்திய அமைச்சரவை 2017-இல் ஒப்புதல் அளித்தது.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை ஹட் பேயைத் தாக்கியது. கடற்கரைக் கட்டடங்கள் நொறுங்கின, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஓங்கேயரோ நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கிய குறிப்பை உணர்ந்து மேட்டு நிலக் காட்டுக்குள் சென்றுவிட்டனர், ஒருவரும் மாளவில்லை. அத்தகைய அறிவுடையோரை நான்கு ஆண்டு கழித்து ஒரு பிளாஸ்டிக் குப்பி ஏமாற்றிவிட்டது. 2008 டிசம்பரில் டுகாங் கிரீக் கரையில் ஒதுங்கிய குப்பியிலிருந்த திரவத்தை மதுவென்று எண்ணிக் குடித்தவர்களில் எட்டுப் பேர் இறந்தனர். நூறு பேரே உள்ள இனத்தில் எட்டுப் பேர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஓங்கேயர் 101. தீவின் மொத்த மக்களோ 18,000-க்கு மேல்.

அத்துடன் திட்டங்களும் முடிந்துவிடவில்லை. லிட்டில் அந்தமானில் பெருநகரமும் விமான நிலையமும் உல்லாச விடுதிகளும் அமைக்கலாம், காப்பகத்தின் ஒரு பகுதியை அதற்காக விடுவிக்கலாம் என்று நீதி ஆயோக் வகுத்த ஒரு கருத்தேடு 2021-இல் வெளியே தெரிய வந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே தீவின் வனத்துறை அதிகாரி ஒருவர், காட்டுக்கும் பழங்குடிக்கும் கேடு என்று குறிப்பு எழுதி எதிர்த்திருந்தார். அலுவலகக் கோப்பில் தம் மேலிடத்துக்கு மாறாக எழுதும் துணிவு எளிதன்று. கேம்பெல் டக்ளஸின் படகுக்கு அடுத்தபடியாக அந்தக் குறிப்பை வைக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனிப் பிரயாண விவரங்களுக்கு வருவோம். இந்தியக் குடிகளுக்கு ஹட் பே செல்லத் தனி அனுமதி தேவையில்லை. ஓங்கேயர் காப்பகத்துக்குள் நுழைவது மட்டும் குற்றம். அவர்களைப் படம் பிடிப்பதும் குற்றம். 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பின் தண்டனை கடுமையாயிற்று, சிறைவாசம் உண்டு. அங்காடியில் யாரேனும் ஒருவர் ‘பழங்குடியினரைக் காட்டுகிறேன்’ என்று ஆசை காட்டினால் அவரை விலக்கிவிடுவது நன்று. சளி, தட்டம்மை போன்று நமக்குச் சிறிதாகத் தோன்றும் நோய், அத்தகைய சிறு கூட்டத்துக்குப் பெருங்கேடாய் முடிந்ததை அந்தமானின் சென்ற நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது.

வெண்ணுரை அருவிக்கு அரைநாள் போதும். முதியோரும் குழந்தைகளும் உடன் வரலாம். விஸ்பர் வேவ் அவ்வாறன்று. வனத்துறையிடம் கேட்டறிந்து, வழி தெரிந்த உள்ளூரார் ஒருவரை அழைத்துக்கொண்டு, நாலு கிலோமீட்டர் காட்டு நடைக்கு ஆயத்தமாகச் செல்ல வேண்டும். ஓடைகளைத் தாண்டுகையில் முதலை உண்டா என்று அவரைக் கேட்டே இறங்குக. மணல் ஈக்கள் கரையில் கடிக்கும். கால்களை மூடிய உடை வேண்டும். கொண்டுசென்ற நெகிழிப் புட்டிகளைத் திரும்பக் கொண்டு வருதல் வேண்டும். 2008-இன் செய்தியைச் சொன்ன பின் காரணம் விளக்க வேண்டியதில்லை.

கப்பல் நாள் ஒன்றிரண்டு முன்பின்னாகும் ஆதலால், ஊர் திரும்பும் விமானச் சீட்டுக்கும் ஹட் பேயிலிருந்து மீளும் நாளுக்கும் இடையே இரண்டு நாள் விட்டு வைப்பது நலம். இன்னும் ஒன்று. நம் நாட்டின் கடிகாரம் ஒன்றே. சூரியன் மட்டும் அந்தமானுக்கு முந்தி வருகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்பே இருள் கவியும். விடியற்காலையில் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் அருவியை விட்டுத் திரும்பிவிடுவது தக்கது.